அறுபத்தோராவது நாள்

ஸ்டேஷன்ல அந்த ஏட்டம்மாவுக்குப் பட்டப்பேரு ஜட்ஜம்மா. கோர்ட்டுல பட்டப்பேரு ஸ்டேஷன். "ஏ ஸ்டேஷன், இங்க வா"ன்னுதான் கிளார்க் கூப்பிடுவார். பதினோரு வருஷமா இதே பொழப்பு. போலீஸ் எழுதுற காகிதத்தைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும், கோர்ட் போடுற உத்தரவை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு வரணும். ரெண்டு பக்கமும் திட்டு வாங்கணும். வீட்டுக்காரர் அச்சாபீஸ்ல வேலை. "எல்லாருக்கும் ஒரு மாமியார் வீடு, உனக்கு ரெண்டு"ன்னு சிரிப்பார்.

நான் சுமைதூக்கற சங்கத்துக்காரன். போராட்டக் கேஸுங்கள்ல என்னை நாலு தடவை அந்தக் கோர்ட் வராந்தாவுல உட்கார வச்சிருக்காங்க. எங்க ஆளுங்க மேல அந்தம்மா கை வச்சதில்ல. அன்பாப் பேசினதும் இல்ல. அதையும் சொல்லிடறேன்.

எங்க சங்கத்து லோடுமேன் ஒருத்தனை, குடோன் வாசல்ல நடந்த தள்ளுமுள்ளுல பிடிச்சு உள்ள போட்டாங்க. அறுபது நாளைக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும். பண்ணலேன்னா, அவன் கேட்டா ஜாமீன் கொடுத்தே ஆகணும். இதுல ஸ்டேஷன்ல கேஸ் கட்டு எழுதுற ரைட்டர் ஒரு கூத்து பண்ணினார். ஜெயிலுக்கு அனுப்பினதுக்கு மறுநாள்லேருந்து எண்ணினார். கோர்ட்டோ, அனுப்பின நாளையும் சேர்த்துத்தான் எண்ணும்.

"ஒரு நாள் இடிக்குது சார்"னு நாலு நாள் முன்னாடியே அந்தம்மா சொன்னாங்க.

"ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கப்பா"ன்னார் ரைட்டர். ஸ்டேஷனே சிரிச்சுதாம்.

அறுபத்தோராவது நாள் காலைல பத்து மணிக்கு எங்க வக்கீல் ஜாமீன் மனுவை நீட்டினார். குற்றப்பத்திரிகை இன்னும் ஸ்டேஷன்ல டைப் ஆயிட்டிருக்கு.

அந்தம்மாவால ஒரு இடத்துல நிக்க முடியல. படி இறங்கறாங்க, ஏறறாங்க. போனைக் காதுல வைக்கறாங்க, எடுக்கறாங்க. லோடுமேன் பொண்டாட்டி பின்னாடியே சுத்துது.

"வந்துருச்சா அக்கா?"

"போய் உக்காரும்மா."

"வரலைன்னா விட்டுருவாங்கதானே?"

"உக்காருன்னு சொன்னேன்ல."

பதினொண்ணே காலுக்கு இன்ஸ்பெக்டர் போன், அவர் போட்ட சத்தம் பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுது. "நேத்து சாயங்காலமே கொடுத்தாச்சுன்னு சொல்லிடு. கிளார்க்கிட்ட பேசிட்டேன், நேத்து தேதியில சீல் விழும். பேப்பர் பன்னெண்டு மணிக்கு வந்துரும்."

"ஐயா, ஜட்ஜ் கேட்டா வாயைத் திறக்கப்போறது நான்தான்யா."

"அதான் என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கறேன்ல."

உள்ள பார்த்தாங்க. கிளார்க் தலையைக் குனிஞ்சு, எழுதி முடிச்ச பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தார். கேஸ் நம்பரைக் கூப்பிட்டாங்க.

"குற்றப்பத்திரிகை வந்துடுச்சா?"ன்னார் ஜட்ஜ். அரசு வக்கீல் திரும்பி அந்தம்மாவைப் பார்த்தார். கிளார்க் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தைதான். அந்தப் பக்கம் விழுந்தா எங்க ஆளு இன்னும் எத்தனை மாசமோ உள்ள கிடப்பான். இந்தப் பக்கம் விழுந்தா அந்தம்மா கதை முடிஞ்சுது.

"வரலைங்க ஐயா."

"நேத்து?"

"நேத்தும் வரலைங்க."

ரெண்டு நிமிஷத்துல ஜாமீன். லோடுமேன் பொண்டாட்டி அந்தம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கல, ஜாமீன்தாரரைத் தேடி வக்கீல் பின்னாடி ஓடிருச்சு. நானும்தான் ஓடினேன்.

பன்னெண்டே காலுக்குப் பேப்பர் வந்துது. அன்னைக்குத் தேதியிலேயே சீல் வாங்கி வச்சாங்க. மறுபடி இன்ஸ்பெக்டர் போன்.

"நீ யாருக்கு வேலை பார்க்கற?"

"பேப்பரைக் கொடுத்துட்டேன்யா. இன்னைக்குச் சீல்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நகலை எடுத்துட்டு வரேன்யா."

அடுத்த வாரமே டிராஃபிக்குக்குத் தூக்கி அடிச்சாங்க. வெயில்ல நாற்சந்தியில நிக்கறாங்க. போன மாசம் சிவப்பு விளக்குல கோட்டைத் தாண்டிட்டேன், என்னையே மறிச்சாங்க. விடுவாங்கன்னு நினைச்சு, நெஞ்சுல கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வரலை. வரலைன்னேன்"னாங்க. "வண்டியை ஓரங்கட்டுங்க, பின்னாடி பஸ் நிக்குது."