அண்ணன் கட்டிக்கொடுத்த மதிய டப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், அண்ணன் அடுப்படியில் நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்கள். நானும் ஒரு முறை சிரித்திருக்கிறேன். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். நல்லது அதற்குள் இருக்கிறது.

அண்ணன் மார்க்கையன்கோட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. பத்தாம் வகுப்போடு அண்ணனின் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் தொழிலைக் கற்று, சின்னமனூரில் சொந்தமாகக் கடை போட்டார். நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியரானேன். அண்ணி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியும் முன் ஜீப்பில் மலையேறினால் பொழுது சாயும் நேரத்தில்தான் இறங்குவார். ஆகவே சமையல் அண்ணனுடையது. அவர்கள் வீட்டில் அது ஒரு செய்தியே அல்ல. உறவுக்குள்தான் அது தலைப்புச் செய்தியாக ஓடியது.

பெரியப்பா மகள் எங்கள் இருவருக்கும் அக்கா. வாழைக்காய் மண்டிக்காரரின் மனைவி. ஒரு காதுகுத்துப் பந்தியில் இலைக்கு எதிரே நின்றுகொண்டு அண்ணனிடம் கேட்டார்:

“ஏன்டா தம்பி, பொண்டாட்டி ஜீப்புல ஏறுறா, நீ அடுப்படியில ஏறிட்ட. சேல ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?”

“தாங்கக்கா. அடுப்பு தொடைக்கத் துணி பத்தல” என்றார் அண்ணன்.

பந்தி முழுவதும் சிரித்தது. நான் சிரித்தது அக்கா சொன்னதற்கு. அண்ணன் சொன்னது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

மகள் தர்ஷினியை மூன்றரை வயதில் சின்னமனூரில் ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்த வாரத்திலேயே காய்ச்சல். பரிசோதித்த டாக்டரம்மா, குழந்தைக்கு ரத்தம் மிகக் குறைவு என்றார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தால் குழந்தை வாந்தி எடுத்தாள். “அப்படின்னா சாப்பாட்டுலதான் ஏத்தணும். மூணு மாசத்துல ஏறலைன்னா மதுரை பெரியாஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்” என்றார். அன்று முதல் அந்த மதிய டப்பாதான் அண்ணனின் முதல் வேலை. மோட்டார் இரண்டாவது.

பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ‘சத்தான உணவு மட்டுமே அனுப்பவும்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். கீழே இந்த வட்டாரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத பழங்களின் படம். அதே பள்ளியில் வாரம் தவறாமல் யாருக்காவது பிறந்தநாள் வரும். கேக்கும் சிப்ஸும் வகுப்புக்குள் தாராளமாக வரும். அதைத் தாள் தடுக்கவில்லை. எங்கள் நாளிதழ் மட்டும் யோக்கியமா? இணைப்பிதழில் ‘மழலையர் மதிய உணவு’ என்று நானே ஒரு பக்கம் தயாரித்தேன். எங்கிருந்தோ எடுத்த குறிப்புகள். அண்ணன் அதை நம்பி உழவர் சந்தைக்குப் போய்விட்டு எனக்குப் போன் செய்தார்.

“டேய், பிராக்கோலின்னா என்னடா? கேட்டா ஆளாளுக்குச் சிரிக்கிறாக. நீ அதத் தின்னுருக்கியா?”

“இல்லண்ணே.”

“பெறகு எதுக்குடா ஊருக்குச் சொல்ற?”

 

அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்தே கற்றுக்கொண்டார். முருங்கைக்கீரை கண்ணில் பட்டால் அவள் பொறுக்கி எடுத்துவிடுவாள். நிழலில் உலர்த்திப் பொடித்துக் கேப்பை மாவில் கலந்து அடை சுட்டார். முழு அடையைக் கண்டால் மலைப்பாள். அவள் விரல் நீளத்துக்கு நறுக்கினார். பன்னீர் திராட்சையை நீளவாக்கில் பிளந்து, மோட்டார் காயிலை இறுக்கும் மூங்கில் சீவல்களில் புதிதாக ஒன்றை எடுத்துக் கூராக்கி விதை நீக்கினார். முட்டை, எள்ளுருண்டை, ஒரு சிட்டிகை நெல்லிக்காய்த் துருவல். உறவில் ஒருவர் பரிசளித்த பொம்மை போட்ட டப்பாவுக்கு மூன்று கொக்கி. குழந்தையால் திறக்க முடியவில்லை. கொடுத்தவருக்கு அது தோன்றவும் இல்லை. அண்ணன் சாதாரண எவர்சில்வர் டப்பா ஒன்றை வாங்கி, அவளைப் பத்து முறை திறந்து மூடச் சொல்லிப் பார்த்த பிறகே பையில் வைத்தார்.

டப்பா தினமும் காலியாகத் திரும்பியது. சாப்பிட்டாயா என்று கேட்டால் குழந்தையும் தலையாட்டுவாள். அண்ணன் எனக்குப் போனில் சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். முடிவை வாங்க அண்ணனுடன் போனேன். ரத்தம் துளியும் ஏறவில்லை. “என் கைப்பக்குவம் புள்ளைக்கு ஒட்டல போலடா” என்றார். மதுரைக்குப் போகக் குழந்தையை அழைத்துவர இருவரும் பள்ளிக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். எங்களுக்கு முன்னால் பள்ளி ஆயா அந்த எவர்சில்வர் டப்பாவுடன் கேட்டைத் தாண்டி, எதிரே இருந்த இரண்டு மாடி வீட்டுக்குள் நுழைந்தார். அது பெரியப்பா வீட்டு அக்காவின் வீடு.

பின்னால் போனோம். கொல்லையில் அக்கா அடைத் துண்டுகளைக் கோழிகளுக்கு உதறிக்கொண்டிருந்தார். கோழிகள் நல்ல வாட்டசாட்டமாக இருந்தன. ஆயா கையில் குழந்தைக்குக் கொண்டுபோக ஒரு கிரீம் பன்.

“எத்தன நாளாக்கா?” என்றார் அண்ணன்.

“பள்ளிக்கூடத்துல விட்ட நாள்லருந்து. மண்டிக்காரவுக மருமக கேப்பையும் கீரையும் திங்கிறான்னு நாலு பேரு பேசுனா எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான கேவலம்? அங்கன வர்ற மத்த புள்ளைகளப் பாத்தியா? நான் குடுத்தது பேக்கரிச் சாமான்டா. மட்டமா ஒண்ணும் குடுக்கல.”

ஆயா பன்னை முந்தானைக்குள் மறைத்தார். “அத்தை முறைன்னாக. உரிமைப்பட்டவுக சொல்லும்போது நான் எப்பிடிங்கய்யா மாட்டேங்கிறது?”

அண்ணன் ஆயாவை ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதனைத் தாளை அக்காவிடம் நீட்டினார். “ரத்தம் ஏறலக்கா. நான் ஆக்குனது சரியில்லன்னு நெனச்சேன். அது புள்ளைக்குப் போய்ச் சேரவே இல்ல.”

அக்கா தாளை வாங்கவில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போனா ஏத்திவிடப் போறாக. இதுக்கா மூஞ்சியத் தூக்குற?”

பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ வாக்குமூலங்களை நான் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். குற்றம் செய்தவருக்குக் கடைசி வரை அது குற்றம் என்றே தெரியாத வாக்குமூலம் இது ஒன்றுதான். அத்தை உரிமை என்ற பெயரில் ஒரு குழந்தையின் ரத்தத்தைக் கோழிக்குப் போட்டவர், தன் வீட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றியதாகவே நம்பினார். உறவும் அவர் பக்கமே நின்றது. “பன்னு குடுத்தது ஒரு தப்பா?” என்று அண்ணனிடம் பஞ்சாயத்துப் பேச மூன்று பேர் வந்தார்கள். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லி இன்னும் மூன்று மாதம் கேட்டார். அவர் மாதாமாதம் பார்ப்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் அண்ணன் மதியம் கடையைச் சாத்திவிட்டு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். “அப்பா, பாரு, தின்னுட்டேன்” என்று அவள் வாயைத் திறந்து காட்டுவாள். முதல் மாதம் கொஞ்சம் ஏறியது. மூன்றாம் மாதம், மதுரைக்குப் போக வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணன் பொது இடத்தில் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது நான்கு மாதம். கடையில் வேலையாக இருந்தபோது நெஞ்சுவலி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் காலையில் என்னிடம், “இன்னைக்கு டப்பா யாரு கட்டுனது?” என்றார். அண்ணி என்றேன். “அவ வேலைக்குப் போகட்டும். நீ பழகிக்க” என்றார். அன்று மதியம் காலமானார்.

துக்கத்துக்கு வந்தவர்கள், “அடுப்படியிலயே கெடந்து தேஞ்சு போனான்” என்று பேசிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் குழந்தைக்கென்று வந்த பொட்டலங்களை மேசையில் அடுக்கினோம். பன், பிஸ்கட், கேக். கேப்பை மாவு ஒருவரும் கொண்டுவரவில்லை.

நான் வேலையை விட்டுச் சின்னமனூருக்கு வந்துவிட்டேன். டப்பா கட்டுவது இப்போது நான். என் அடை ஓரத்தில் கருகுகிறது என்று தர்ஷினி சொல்கிறாள், உண்மைதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: பொறுமையாக இரண்டு முறை விளக்கிச் சொன்ன டாக்டரம்மா. அந்த நாளுக்குப் பிறகு குழந்தை உண்டு முடிக்கும் வரை எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்காரும் ஆயா. ஆஸ்பத்திரி நாட்களில் அண்ணிக்காகக் காத்திருந்த ஜீப் டிரைவர். கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடைக்காரர். இவ்வளவுதான். அச்சுக்குப் போகும் முன் அண்ணி இதை வாசித்தார். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. பெயர் விடுபட்ட உறவினர்கள், மறதியால் விடுபட்டதாக நினைக்க வேண்டாம்.