தாளத்துக்கு விட்ட இடம்

கனடாவிலிருந்து என் தோழி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவளுடைய மாமி, அதாவது கணவனின் தாய், கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறாராம். பெட்டியில் ஒரு சாமானுக்குத்தான் இடம் இருக்கிறதாம். டிரம் மெஷினா, சிந்தசைசரா, எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லட்டாம்.

மின்னிசை செய்யத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது. டிரம் மெஷின் தாளத்துக்கு. நாம் பதிந்து வைத்த அடியைச் சோராமல் அடித்துக்கொண்டேயிருக்கும். சிந்தசைசர் சுரத்துக்கு. ஒரு கட்டையை அமுக்கி அந்த ஒலியைக் குழலாகவும் குழைக்கலாம், இரைச்சலாகவும் கிழிக்கலாம். எதை முதலில் வாங்குவது என்று இணையத்தில் மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நானும் விழுந்து விழுந்து பார்த்தேன். டிரம் மெஷின் என்றுதான் அநேகமானோர் சொன்னார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் இருவருக்குள் தாளம் அவளுடையது. பள்ளிக்கூட பாண்ட் குழுவில் டிரம் அடித்தவள். நான் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் வேலை முடிந்து ஸ்கந்தபுரம் வந்து சேர, அவளுடைய ஸ்கூட்டி எங்கள் வாசலில் நிற்கும். இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம், பக்கத்து வயலில் உழுகிற லாண்ட்மாஸ்டரின் இரைச்சல் எல்லாவற்றையும் போனில் பிடித்து வருவோம். நான் அவற்றை மடிக்கணினியில் இழுத்து நீட்டி மெட்டாக்குவேன். அவள் பிஸ்கற் தகரத்திலும் பிளாஸ்டிக் கதிரையின் முதுகிலும் அடிப்பாள். பேய் விரட்டுகிற வீட்டிலும் இவ்வளவு சத்தம் இராது என்று அம்மா குசினியிலிருந்து சொல்லுவா. செய்ததை இணையத்தில் போடுவோம். கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. ஒவ்வொரு வருடமும் வருவேன், வந்து நின்று அடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஊரில் எத்தனை பேர் இப்படிச் சொல்லிப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தும், இவள் வேறு ஆள் என்று நம்பினேன்.

அவள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. மெட்டைச் செய்து, தாளத்துக்கு இடத்தை வெறுமையாக விட்டு அவளுக்கு அனுப்புவேன். முதலில் ஒன்றிரண்டுக்கு மேசையில் அடித்து அனுப்பினாள். பிறகு நேரமில்லை என்றாள், பிறகு பிள்ளை பிறந்தது. அதன் பின் எதை அனுப்பினாலும் ஒரு சிவப்பு இதயம் மட்டும் பதிலாக வரும். கேட்டிருக்கிறாள், பிடித்திருக்கிறது, ஒரு நாள் அடிப்பாள் என்று நானே எனக்குப் பொழிப்புரை சொல்லிக்கொள்வேன்.

கணினியிலேயே தாளம் போடலாம், எனக்கும் தெரியும். போடவில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். அலுவலகத்தில் உரத்தையும் மானியத்தையும் பற்றிக் கதைக்க ஆள் இருந்தது, இதைக் கதைக்க ஒருவரும் இருக்கவில்லை. தாளமில்லாத பாட்டுகள் உப்பில்லாத சோறு போல ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. மாலையில் அவற்றை நான் மட்டும் போட்டுக் கேட்பேன். தனிமை என்றால் எனக்கு அதுதான்.

ஆகவே கேள்வி எனக்கு வேறு விதமாகத்தான் கேட்டது. டிரம் மெஷின் வேண்டும் என்றால், உன் இடத்துக்கு ஆள் பிடித்துவிட்டேன், நீ இனி வர வேண்டாம் என்று நானே சொன்னதாகிவிடும். சிந்தசைசர் என்றால் அவளுடைய இடம் அப்படியே இருக்கும். இதை நேரே எழுத ரோசம் விடவில்லை. மடிக்கணினியின் ஒலி போதவில்லை, விசைகள் கையில் படவேண்டும் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, சிந்தசைசர் என்று எழுதி அனுப்பினேன். இதயம் வந்தது.

மாமி வவுனியாவில் தங்கியிருந்தா. பஸ் ஏறிப் போனேன். தேத்தண்ணி தந்து, பேரப்பிள்ளையின் படங்களைக் காட்டி, அவள் இரண்டு வேலைக்கு ஓடுகிறாள் என்று பெருமையும் கவலையுமாகச் சொன்னா. மாமி தந்த பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தேன். கட்டிலில் வைத்துப் பிரித்தால் உள்ளே இருந்தது டிரம் மெஷின்.

கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். உடனே அழைத்தேன். அங்கே காலை, அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள்.

"மாறி வந்திட்டுதடி," என்றேன்.

"மாறேல்லை. நான்தான் அதை வாங்கினனான்."

"நான் கேட்டது மற்றதையெல்லோ?"

"ஏன் கேட்டனி எண்டு தெரியும். அதாலதான் இதை வாங்கினனான். எனக்காகப் பாத்துக்கொண்டு இராதை."

அப்படியென்றால் இவ்வளவு நாளும் அந்த இதயம் எதற்கு என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. குசினியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் பக்கத்திலிருந்து பஸ்ஸின் மணி கேட்டது.

"நீ அனுப்பினது ஒண்டையும் நான் திறந்து கேக்கேல்லை. கேட்டால் அங்க வரவேணும் போல இருக்கும். என்னால வரேலாது."

ஏசுவதற்கு வாயில் எவ்வளவோ வந்தது. பிள்ளை சுகமா என்று மட்டும் கேட்டேன். சுகம் என்றாள். இறங்குமிடம் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அவள் மேல் கோபம் இருந்தது. திறக்காத கோப்புகளுக்கு இதயம் போட்டாளே என்று அழுகையும் வந்தது. ஆனால் அந்த இதயங்கள் பொய் என்று நினைக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெஷினை இணைத்து, ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தேன். தாளம் எனக்குச் சரியாக வராது. விடியக்காலையில் தொடங்கி மத்தியானமாகிவிட்டது. அவள் போன பிறகு செய்த முதல் மெட்டுக்கு அடியைப் பொருத்தி, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓடவிட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தவ, கதவடியில் நின்று கேட்டா. அவள் வந்திட்டாளோ என்றா. இல்லை என்றேன். முழுதாக முடிந்த அந்தப் பாட்டை அவளுக்கு அனுப்பவில்லை.