வெந்நீர் ஊற்றில் தொங்கிய தோடு

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத்து ஆட்களான எங்களுக்கு ஓட்டு இல்லாமல் போன சமயம், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஜாவாவிலிருந்து ஒரு துரை வந்து சேர்ந்தார். எரிமலை அடிவாரத்தில் தேயிலை போட்ட மனுஷன். மலை மடிப்பில் அழுகின முட்டை நாற்றத்தோடு கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தண்ணீரைக் குழாயில் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அந்தச் சூட்டிலேயே கொழுந்தை வாட்டலாம், விறகே வேண்டாம் என்றார்.

தொழிற்சாலையில் எனக்குக் குழாயும் இயந்திரமும் பொருத்தும் பிட்டர் வேலை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போட்டேன். ஆறே மாதத்தில் அரித்துச் சல்லடை. எந்த உலோகம் தாங்கும் என்று கண்டுபிடி, இல்லாவிட்டால் வேறு தோட்டம் பார் என்றார் துரை.

செம்பு, பித்தளை, அலுமினியம், தகரம் என்று ஆளுக்கொரு துண்டு கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்து ஊற்றில் தொங்கவிட்டுப் பார்ப்பதாக யோசனை. தோட்டத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரரான மருந்தையாவிடம் போய் ஆஸ்பத்திரி எவர்சில்வர் தட்டைக் கேட்டேன்.

"தம்பி, அது சீழ் ஏந்துற தட்டு. உம்மட குழாயோட அதுக்கு என்ன அலுவல்?" என்றார். துரை கேட்டதாகச் சொன்னதும் கழுவித் துடைத்தே கொடுத்தார்.

சாயங்காலம் லயத்து வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தங்கத்த மட்டுந்தான் எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது" என்று பெண்டாட்டியிடம் அளந்துவிட்டேன்.

அவள் சட்டென்று காதுத் தோட்டைக் கழற்றினாள். "அப்ப இதையும் கோத்து விடுங்க, பாத்துருவோம்."

ஐயோ! அந்தத் தோடு தங்கமே இல்லை. கல்யாணத்துக்கு நானே பதுளையில் பார்த்துப் பார்த்து வாங்கிய கவரிங். அசல் பவுன் என்று அவள் அப்பாவிடம் சத்தியம் வேறு பண்ணியிருந்தேன். மாமனார் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் பிரம்பு பேசினால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

"வேணாம்டி, அறுந்து விழுந்துரும்."

"நான் கட்டுனா அறாது" என்று அவளே கம்பியில் முடிச்சுப் போட்டாள்.

மூன்று வாரம் கம்பி ஊற்றில் கிடந்தது. தோட்டை நைசாக உருவிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். "யாரையும் தொடவிடாதன்னு தொரை சொல்லிட்டாரு. உங்களையுந்தான்" என்றான் காவல்காரன். வேறு வழியில்லாமல், கவரிங்கைத் தங்கமாக்கித் தந்தால் ஒரு சேவல் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அம்மன் என்ன ஆசாரியா? பயம் வந்தால் புத்தி எங்கே போகிறதோ.

கம்பியை இழுத்த அன்று துரை, மருந்தையா, மாமனார், பாதித் தோட்டம் எல்லாம் நின்றது. செம்பும் பித்தளையும் கரிக்கட்டை. அலுமினியத்தில் அம்மைத் தழும்பு. தகரத்தைக் காணவே காணோம். ஆஸ்பத்திரித் தட்டு போட்டபடியே பளபளத்தது. கடைசியில் தோடு. விரலால் துடைத்துப் பார்த்தேன்.

மஞ்சள் மாறவே இல்லை!

எவர்சில்வர் குழாய்க்கு விலை கேட்டுத் துரை கொழும்புக்கு எழுதினார். பதில் வந்த பிறகு ஊற்றுப் பக்கமே போகவில்லை, மறுபடி விறகுதான். தாங்குவதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததால் என் வேலை தப்பியது. ஆனால் அம்மன் செய்த அற்புதத்தில் நான் கிறுகிறுத்துப் போயிருந்தேன். கம்பியை இழுத்த அன்றே சேவலோடு வீட்டுக்கு வந்தேன்.

"சேவல் எதுக்குங்க?" என்றாள், தோட்டை மாட்டிக்கொண்டே.

"சும்மா, ஒரு வேண்டுதல்."

"அம்மன ஏன் தொந்தரவு பண்றீங்க? நீங்க போட்ட தோடு மொத மாசமே காதுல புண்ணு வச்சிருச்சு. அன்னைக்கே ஆத்துல வீசிட்டேன். இது நான் கொழுந்து பறிச்சு, சீட்டுக் கட்டி, அதே மாதிரி செஞ்சு வாங்குனது. அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்க தோல உரிச்சிருவாருன்னு மூணு வருஷமா வாயத் தொறக்கல."

"பின்ன எதுக்குடி கோக்கச் சொன்ன?"

"நீங்களா ஒத்துக்குவீங்கன்னு பாத்தேன்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சேவலை அன்றே அறுத்து நானே குழம்பு வைத்தேன், மாரியம்மனுக்கு இல்லை.