ஹைட்ரோவும் துரையின் நாயும்

டிஸ்பென்சரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சொல்லின் தலையைப் பிடியுங்கள், வால் தானாக வரும். 'ஹைட்ரோ' கிரேக்கத்திலிருந்து வந்த முன்னொட்டு. தண்ணீர் என்று பொருள். ஹைட்ரோசில் என்றால் விதைப்பையில் நீர். ஹைட்ரோபோபியா என்றால் நீரைக் கண்டு அஞ்சும் வெறிநாய்க்கடி நோய். நோட்டன் பிரிட்ஜில் தண்ணீரைத் தேக்கிக் கரண்ட் எடுக்கிறார்களே, அதுவும் ஹைட்ரோதான்.

ஐம்பதுகளில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துக்காரனாக இருந்தேன். பெரிய துரையின் நாய் டைகர், பங்களா வழியாகக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். மனுஷன் கட்டிப்போட மாட்டார். லெச்சுமி மூன்றாம் தடவையாகக் கடிபட்டு வந்தாள். காயத்தில் ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைத்தது.

"நாயக் கட்டுனாத்தான் மலைக்குப் போவேன்னுட்டேங்க ஐயா. நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வராட்டி பத்துச்சீட்டுங்கிறாரு தொரை. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நான் எங்கங்க போவேன்?"

வேலையை விட்டு நிறுத்தும் அந்தப் பத்துச்சீட்டைக் கொடுத்தால் வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பங்களாச் சமையல்காரர் அப்புவைப் பிடித்தேன். "ஏன்யா, டைகர் தண்ணி குடிக்குமா?"

"தண்ணியா? குட்டியில இருந்தே பாலுதாங்க. தண்ணி வச்சா மூஞ்சத் திருப்பிக்கும்."

லயத்துப் பிள்ளைகளுக்குப் பால் கிடையாது, இதற்குப் பால்! நேரே துரையிடம் போனேன்.

"தொரை, உங்க நாய்க்கு ஹைட்ரோபோபியாவான்னு பாக்கணுங்க. அது வந்திருந்தா தண்ணியக் கண்டா ஆகாது."

"பைத்தியமா நீ? நாய் நல்ல நாய்!" என்றார் துரை, தம் அரைத் தமிழில்.

அப்பு ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்தார். டைகர் மோந்து பார்த்துவிட்டு, மூஞ்சியைத் திருப்பித் தள்ளிப் படுத்துக்கொண்டது. அப்பு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏற்கெனவே வெள்ளைக்காரர், இன்னும் வெளுத்துப்போனார். சவரம் செய்த கன்னத்தைத் தடவினார். "நாய் நக்கினா?"

"கீறல் இருந்தா நக்குனாலும் வருங்க. கடிபட்ட லெச்சுமியத் தோட்டத்த விட்டு அனுப்பிறாதீங்க. அவளும் என் கண்பார்வையிலயே இருக்கணும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்!"

அன்றே டைகருக்குச் சங்கிலி விழுந்தது. முதல் கடி கடித்து மாதக்கணக்காகியும் கொழுகொழுவென்று திரிந்த நாய்க்கு வெறியாவது, மண்ணாவது! அதைத் துரையிடம் நான் ஏன் சொல்கிறேன்?

மறுநாள் காலை துரையே டிஸ்பென்சரிக்கு வந்துவிட்டார். விஸ்கியைத் தவிர எதையும் தொடாத மனுஷன், என் முன்னால் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"பாரு! எனக்கு பயம் இல்லை!"

காயத்துக்குக் கட்டுப் போட உட்கார்ந்திருந்த லெச்சுமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு தினமும் வந்து குடித்துக் காட்டினார். நாயின் சங்கிலியை மட்டும் கழற்றவே இல்லை. நான் கழற்றச் சொன்னால்தானே!

ஆகவே பிள்ளைகளே, முன்னொட்டை நோயாளியிடம் தமிழில் சொல்லுங்கள், பயம் தெளியும். துரைமாரிடம் கிரேக்கத்திலேயே சொல்லுங்கள்.