முன்சீப் கேட்ட பத்து நாள்

எங்கள் தெருவிலிருந்து மன்னார்குடி கல்லூரிக்குப் போன முதல் ஆள் என் அக்கா. அவள் மூன்றாம் வருடம் படித்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அந்தத் தை மாதம் எங்கள் தெருக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்றவர் எங்கள் அப்பா.

பரீட்சைக் கட்டணம் கட்டாமல் எழுத வேண்டுமானால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கிராம முன்சீப் எழுதித் தர வேண்டும். எங்கள் ஊர் முன்சீப்தான் அறுப்பு நின்றுபோன அந்த நிலங்களுக்கும் சொந்தக்காரர். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மூன்று முறை போனாள். மாட்டுக் கொட்டகைப் பக்கமாக நின்றோம். மூன்றாம் முறை அவர் தலை நிமிராமலே சொன்னார்.

“அறுப்புக்கு ஆள் இல்ல. நீ பத்து நாள் வா. பதினோராம் நாள் கையெழுத்து போட்டுத் தர்றேன்.”

“காலேஜ் இருக்குங்கய்யா.”

“அது எங்க ஓடிடப் போவுது?”

மறுநாள் அக்கா அரிவாளோடு வயலில் இறங்கினாள். வெளியூர் ஆட்களுக்கு நடுவே எங்கள் தெருவிலிருந்து அவள் ஒருத்தி மட்டும்தான். அப்பா வரப்பில் வந்து நின்று பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். பத்து நாளும் அவளோடு பேசவில்லை. தெருப் பெண்கள் எங்கள் அம்மாவுக்குக் குழாயடியில் வழி விடவில்லை.

பதினோராம் நாள் முன்சீப் சொன்னபடியே கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் தாலுகா ஆபீசிலிருந்து வந்ததும் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். குமாஸ்தா அதை வாங்கக்கூட இல்லை.

“உனக்கு அட்டெண்டன்ஸ் தேறலம்மா. இந்த வருஷம் எழுத முடியாது.”

ஹால் டிக்கெட் வாங்க வந்தவர்களின் வரிசையில் முன்சீப்பின் மகன் நின்றிருந்தான். அக்காவின் வகுப்புதான். அவன் கிட்டே வந்து, நிஜமாகவே வருத்தப்பட்டான்.

“நீ அறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே அப்பா எங்கிட்ட உன் அட்டெண்டன்ஸ் பத்தி விசாரிச்சாரு. ஏற்கெனவே உங்கம்மாவுக்கு முடியலன்னு நீ நிறைய நாள் காலேஜுக்கு வரல, இன்னும் பத்து நாள் போனா எழுத விடமாட்டாங்கன்னு சொன்னேனே. உங்கிட்ட சொல்லலியா?”

அக்கா என் கையை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவன் பயந்து நகர்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அப்பா அவளிடம் பேசினார். “அடுத்த வருஷம் எழுது. இனிமே எவன் வாசலுக்கும் போவாத,” என்றார். எழுதினாள், தேறினாள். ஆனால் அதற்குள் ஒரு வருடம் போயிருந்தது.

அன்று கல்லூரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் அவள் சான்றிதழை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். அவளைச் சமாதானப்படுத்த நினைத்து நான்தான் சொன்னேன்: “நம்ம படிப்பைப் பத்தி முன்சீப்பு எவ்வளவு அக்கறையா விசாரிச்சிருக்காரு பாருக்கா.”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ நல்லது சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வந்தேன்.