ஏழாம் முளை

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்று யாராவது சொன்னாலே சின்னத்தாயிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்ததெல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கும். படம் போடச் சொன்னால் போடுவாள், கணக்குக் கொடுத்தால் செய்துவிடுவாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து "ம், சொல்லு" என்றால் மட்டும் ஒரு வார்த்தை வராது.

மலைமேல் இருக்கும் கிளியூரிலிருந்து சேலத்துப் பாலிடெக்னிக்குக்கு சிவில் டிப்ளமோ படிக்கப் போன முதல் பெண் அவள். அது 1985. வாய் அடைத்துப்போனது முதல் மாதத்திலேயே. சர்வே வகுப்பில் பழனிசாமி சார், சரிவு என்றால் என்ன, ஒரு உதாரணம் சொல் என்று அவளை எழுப்பினார். அவளும் ஆசையாக எழுந்து சொன்னாள்.

"எங்க காட்டுல ஒரு பக்கம் மாடு நிக்காதுங்க சார், வெள்ளாடு நிக்கும். இன்னொரு பக்கம் வெள்ளாடும் நிக்காதுங்க."

வகுப்பே சிரித்தது. சாரும் கொஞ்சம் சிரித்துவிட்டார். சரியான பதில்தான் அது. ஆனால் அன்றிலிருந்து அவள் பெயர் வெள்ளாடு. அடுத்த இரண்டு வருடம் அவள் வகுப்பில் எழுந்து நிற்பாள், நின்றபடியே இருப்பாள், உட்கார் என்றால் உட்காருவாள்.

ஹாஸ்டலும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சேலத்து வெயிலில் ராத்திரிகூட உடம்பு காந்தியது. சோறு இறங்கவில்லை. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போயிற்று. பெட்டியைக் கட்டியவளைப் பக்கத்துக் கட்டில் செல்வமேரிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் கணக்கு வராது, சின்னத்தாயிக்கு இங்கிலீஷ் வராது. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தே எல்லாப் பேப்பரிலும் தேறினார்கள். சின்னத்தாயிக்கு ஒன்று மட்டும் நின்றது. இரண்டாம் வருட சர்வே செய்முறைத் தேர்வு. கருவி வேலையில் முழு மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம்தான் குறைவு, வைவாவில் பூஜ்யம். ஆகவே ஃபெயில்.

மறுபடி அந்தத் தேர்வு, கடைசி வருட சர்வே முகாமின் முடிவில் நடக்கும் என்றார்கள். இதிலும் போனால் டிப்ளமோ கையில் வராது, வேலையும் கிடையாது. வெளியிலிருந்து வரப்போகிற தேர்வாளர் சேலத்தில் குடிநீர்க் குழாய் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியின் எஞ்சினீயராம், நல்ல ஆட்களைத் தேடுகிறாராம் என்றும் பேச்சு அடிபட்டது.

முகாமுக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்த இடம் ஏற்காடு. கிளியூர்ப் பக்கம்.

"உன் ஊர்லயே வந்து உன்னைக் கேள்வி கேக்கப் போறாங்கடி" என்றாள் செல்வமேரி.

"அதான் எனக்கு பயமா இருக்குது."

ஆடி மாதம். பையன்கள் பஜார் பக்கம் ஒரு லாட்ஜ் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். பெண்கள் இரண்டே பேர் என்பதால் சின்னத்தாயி வீட்டிலேயே தங்க அனுமதி கிடைத்தது. முதல் நாள் சாயங்காலம் செல்வமேரி அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் ஊமையாக இருக்கும் பெண், அம்மா கண்ணாயியோடு களி கிண்டிக்கொண்டே மழை, மிளகுக்கொடி, பக்கத்து எஸ்டேட் ரைட்டரின் மீசை என்று ஒன்றுவிடாமல் பேசித் தள்ளினாள்.

"ஏன்டி, நீ பேசுவியா?" என்றாள் செல்வமேரி.

"நொம்பப் பேசுவா கண்ணு" என்றாள் கண்ணாயி. "அங்க பேசறது இல்லீங்களா? அப்ப அங்கியே வெச்சுக்கோங்க, எனக்குக் காது வலிக்குது."

வேலை இதுதான். பாலத்துக் கல்லில் உயரம் குறித்த ஒரு அடையாளம் இருந்தது. அங்கிருந்து கிளம்பி, வழியெல்லாம் நம்பர் எழுதிய மர முளை அடித்து, லெவல் கருவி வைத்து ஒவ்வொரு முளையும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போய், வேறு வழியாகச் சுற்றி அதே பாலத்துக்குத் திரும்ப வேண்டும். கிளம்பிய உயரமே கடைசியிலும் வர வேண்டும். இரண்டு செண்டிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் வேலை தப்பு. அவர்கள் குழுவில் கருவியைப் பார்ப்பது செவ்வாய்ப்பேட்டை பாலசுப்பிரமணியம். அளவுகோலைப் பிடிப்பது அண்ணாதுரை. செல்வமேரி குடை பிடிப்பாள். பாலு சொல்லும் எண்களை ஃபீல்டு புக்கில் எழுதுவது சின்னத்தாயி.

முதல் நாள் ஏழாம் முளை வரை போனார்கள். அது சின்னத்தாயியின் தாய்மாமன் பொன்னுவேலின், விதைப்புக்குக் காத்துக் கிடந்த கேழ்வரகுக் காட்டு நடுவில் இறங்கியது. மறுநாள் காலை மூடுபனி. கருவிப் பக்கத்தில் நின்ற சின்னத்தாயிக்கு முப்பது அடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. அண்ணாதுரை பனிக்குள் தேடிப் போய், "ஏழு இங்க இருக்குதுடோய்!" என்று கத்தினான். பனி லேசாக விலகியதும் அங்கிருந்து தொடங்கி, மத்தியானத்துக்குள் சுற்றிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கணக்குப் போட்டால் முப்பத்தெட்டு செண்டிமீட்டர் இடித்தது.

"பாலம் முக்கா முழம் கீழ எறங்கிப் போச்சா?" என்றான் அண்ணாதுரை.

பாலு சிரிக்கவில்லை. "எழுதினது யாரு? வெள்ளாடு. நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு எழுதியிருக்கும்."

சின்னத்தாயி புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவள் திரும்ப முணுமுணுத்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது.

"விடு" என்றான் பாலு. "பத்து ரீடிங்ல நாலு நாலு செண்டிமீட்டர் தள்ளிப் போட்டா தானா சரியாப் போயிரும். புதுசா ஒரு புக்குல அழகா எழுதிக் குடுத்துரு. எல்லா பேட்ச்சும் அப்படித்தான் பண்றாங்க."

சாயங்காலம் பொன்னுவேல் மாமா வீட்டுப் பக்கம் வந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. அவராகவே ஆரம்பித்தார்.

"கண்ணு, உங்க முளைய ஒண்ணும் பண்ணல. காத்தால நீங்க வர்றதுக்கு முந்தியே ஏரு கட்டுனேன். வழியில நின்னுது. சரி, புள்ளைங்க கஷ்டப்பட்டு அடிச்சதாச்சேன்னு பத்திரமாப் புடுங்கி, மேல வரப்போரமா அடிச்சு வெச்சிருக்கறேன். நம்பரு முந்தி எந்தப் பக்கம் பாத்துச்சோ அதே பக்கந்தான் பாக்குது. நீ நாளைக்கிப் போயிப் பாரு."

சின்னத்தாயி அந்த மேல் வரப்பின் உயரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் படலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அதுல நம்பரு முக்கியமில்லீங்க, அது நிக்கற எடந்தான் முக்கியம்."

"எடத்துக்கு என்ன? அந்தக் காடுதானே? நடந்தா ஆறு எட்டு, அவ்வளவு தூரந்தான் தள்ளுனேன்."

"மேட்டுப் பக்கம் ஆறு எட்டுங்க மாமா!"

அவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வாடிப்போயிற்று. பழைய குழியில் கொண்டுபோய் நட்டுவிடுகிறேன் என்று எழுந்தார். குழி எங்கே இருக்கிறது? காடு முழுக்க உழுதாயிற்று.

அவர் போன பிறகு சின்னத்தாயிக்குச் சிரிப்பு அடங்கியது. இதைச் சொன்னால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும். மாமன் செய்ததைச் சொல்ல வேண்டும். மறுபடி எல்லோரும் சிரிப்பார்கள். பாலு சொன்னபடி அழகாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் கையெழுத்து அவளுடையது. வைவாவில் அந்தப் புத்தகத்தை விரித்துக் கேட்கப்போவது அவளைத்தான். தெரிந்ததையே சொல்ல வராத வாயில் பொய் எப்படி வரும்?

"நீ சொல்லிடுடி" என்றாள் அவள் செல்வமேரியிடம்.

"உங்க மாமனுக்கு நான் யாரு? நீயே சொல்லு."

மறுநாள் காலையில் பாலு புதுப் புத்தகத்தோடு வந்திருந்தான். சின்னத்தாயி அதை வாங்கவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்பார்த்த மாதிரியே சிரித்தார்கள். அண்ணாதுரை வரப்பில் உட்கார்ந்தே விட்டான்.

"நம்பரு அதே பக்கம் பாக்குதா! டேய், இவ மாமாவுக்குக் கோயில் கட்டோணும்டா."

பாலு மட்டும் தலையில் கை வைத்தான். "அப்ப மொதல்லருந்து எடுக்கோணும். இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. முடியாது."

"மொதல்லருந்து வேண்டாம்" என்றாள் சின்னத்தாயி.

"பின்ன?"

"ஆறாம் முளை நகரல. அது காப்பிக்காட்டு ஓரத்துல இருக்கு, மாமன் தொடல. ஆறுலருந்து இப்ப ஏழு நிக்கற எடத்துக்கு ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும். ஏழோட புது உசரம் கெடைச்சிரும். நேத்துப் பூரா அந்த எடத்துலருந்துதான போனோம்? நேத்து எடுத்தது ஒண்ணும் தப்பில்ல. நான் எழுதினதும் தப்பில்ல."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

பாலு விரலால் காற்றில் ஆறு, ஏழு, பாலம் என்று ஏதோ போட்டுப் பார்த்தான். பிறகு கருவியின் முக்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "வெள்ளாடு பேசுதுடா. வாங்க போலாம்."

அரை மணி நேர வேலை. ஏழாம் முளையின் பழைய உயரத்தின் மேல் ஒரே ஒரு கோடு அடித்து, மேலே புது உயரத்தை எழுதி, கணக்கைத் திரும்பக் கூட்டினாள். கணக்கு பாலத்துக்கு வந்தபோது வித்தியாசம் ஒரு செண்டிமீட்டர் சொச்சம்.

அடுத்த நாள் லாட்ஜ் கூடத்தில் வைவா. எஞ்சினீயர் குள்ளமாக, தும்மிக்கொண்டே இருந்தார், மலைக் குளிர் பழக்கமில்லை போல. பக்கத்தில் பழனிசாமி சார். சின்னத்தாயி உள்ளே போனதும் சார் தன் பேனா மூடியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். போன வருடம் அவள் நின்ற கோலத்தை அவர் மறக்கவில்லை.

எஞ்சினீயர் புத்தகத்தைப் புரட்டினார். அடித்த கோட்டில் விரல் நின்றது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் இது பாடத்தில் வரும் கேள்வி இல்லை. அந்தக் கோடு ஏன் என்பது இந்தக் கூடத்தில் அவளுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

"தமிழ்ல சொல்றனுங்க சார்."

"எதுல வேணா சொல்லு."

சொன்னாள். பனி, ஏர், வரப்பு, ஆறு எட்டு, எல்லாம். நம்பர் அதே பக்கம் பார்த்த இடத்தில் எஞ்சினீயருக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தன. அவள் தடுமாறாமல், அவர் அடங்கும் வரை காத்திருந்து, ஆறாம் முளையிலிருந்து எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்லி முடித்தாள்.

"அப்போ தப்பு யார் மேல? உங்க மாமா மேலயா?"

"இல்லீங்க. ஆடி மாசம் அந்தக் காட்டுல ஏரு ஓடும்னு எனக்குத் தெரியும். முளை அடிக்கறப்ப அவுருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். நான் சொல்லல. அவுரு காடு, அவுரு உழுவாருங்க."

எஞ்சினீயர் சாரைப் பார்த்தார். சார் பேனா மூடியை விட்டுவிட்டார்.

"சரி. கருவியிலேயே கோளாறு இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பே?"

படித்தது போல இருந்தது. புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வரவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அது தெரியலீங்க சார். படிச்சேன், மறந்துபோச்சு. இன்னிக்கே பாத்துக்கறனுங்க."

"பாத்துக்கோ" என்று அவர் எதையோ எழுதினார். "ரிசல்ட் வந்ததும் ஆபீசுக்கு வா."

தேறிவிட்டாள். நூற்றுக்கு அறுபத்து நான்கு.

அடுத்த ஆண்டு, டிப்ளமோ கையில் வந்ததும், சேலத்தில் அந்த ஆபீஸைத் தேடிப் போனாள். எஞ்சினீயர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவருக்கு அவளை நினைவில்லை.

"எந்த முகாம்? போன வருசம் நான் ஆறு முகாம் பாத்தேம்மா. இப்ப ஆளும் எடுக்கறதில்ல."

எழுந்து வந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏற்காடு முகாமுங்க சார். ஆடி மாசம். உங்களுக்குத் தும்மல். அப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்க, தெரியாதுன்னு சொன்னனுங்க. அன்னிக்கே படிச்சிட்டேன்." கருவியின் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் தொடங்கினாள். மேசையில் கிடந்த காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் கருவி, பிறகு ஒரு ஓரத்தில் கருவி என்று வரைந்து காட்டினாள். மலையிலிருந்து இறங்கும் குப்பனூர் வழியில் குழாய் போடுவதாகக் கேள்விப்பட்டேன், அந்தக் காட்டுக்காரர்கள் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம் என்றாள். அவர் டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

"போதும்மா, போதும்" என்றார். "திங்கக்கிழமை வா. ஆறு மாசம் டிரெயினி. அப்புறம் பாக்கலாம்."

"எத்தனை மணிக்குங்க சார்?"

"எட்டு."

"கிளியூர்லருந்து நடந்து வந்து மொதல் பஸ்ஸப் புடிச்சாலும் எட்டரைக்குத்தானுங்க சேலத்துல எறங்க முடியும்."

அவர் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"சரி, ஒம்பது."