ஸ்வர்ணாவின் நூற்றாறு சதவீதம்

ஸ்வர்ணா பொறாமைக்காரி. புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவளே ஒத்துக்கொள்வாள். "ஆமா, வயிறு எரியுது, அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டு மோர் சாதத்தைப் பிசைவாள். நான் அதே ஆபீஸில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். காக்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன், அவள் மல்லேஸ்வரத்திலிருந்து வருகிறாள். மத்தியானச் சாப்பாடு ஒரே மேஜையில் என்பதால் அவள் வயிற்றெரிச்சலில் பாதி எனக்கும் தினம் பரிமாறப்படும்.

அவள் வேலை என்னவென்று கேட்டால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. பூமி சூடாகிறதே, அதற்குக் காரணமான வாயுக்களை நம் நாடு எவ்வளவு வெளியே விடுகிறது என்று ஐ.நா.வுக்கு அவ்வப்போது அறிக்கை கொடுக்க வேண்டும். தில்லியில் தொகுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டாகப் பல ஊர்களில் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் நிறுவனத்துக்கு வாய்த்த துண்டு சாக்கடை. கழிவுநீரிலிருந்து மீத்தேன் எவ்வளவு கிளம்புகிறது என்பதுதான் ஸ்வர்ணாவின் வாழ்க்கை. அவள் அப்பா விதான சௌதாவில், அதாவது தலைமைச் செயலகத்தில், அண்டர் செக்ரடரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் சாக்கடை எண்ணுகிறாள் என்று சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டார்.

ஆரம்பத்தில் இங்கே யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஒரு ஹோட்டலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து போனவள் ஸ்வர்ணா ஒருத்திதான். திரும்பி வந்து ராஜாங்கம் நடத்தினாள். நூறு வீட்டில் எத்தனை வீட்டுக் கழிவு பாதாளச் சாக்கடைக்குப் போகிறது, எத்தனை செப்டிக் டேங்குக்கு, எத்தனை திறந்த வாய்க்காலுக்கு என்று பழைய வருஷங்களுக்குச் சரியான தகவல் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் விஷயம் தெரிந்தவர் யோசித்து ஒரு எண் சொல்லலாம், சொன்னவர் பெயரையும் பக்கத்தில் போட வேண்டும். நிபுணர் கணிப்பு என்று அதற்குப் பெயர். தேசத்தின் அறிக்கையில், பின்னிணைப்பில், பொடி எழுத்தில் ஸ்வர்ணாவின் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில்கூடக் காட்டுவாள்.

பிறகு தர்ஷினி வந்து சேர்ந்தாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். ஹெப்பகோடியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் தங்கி, இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் வார்டு வார்டாக ஆள் அனுப்பி, வீட்டுக்கு வீடு கேட்டு, கணிப்பு இருந்த இடத்தில் நிஜமான எண்ணை வைத்தாள். சாக்கடை மேல் பெட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தாள். டைரக்டர் ஸ்ரீஹர்ஷா எதற்கெடுத்தாலும் "தர்ஷினியைக் கேளுங்க" என்று சொல்லப் பழகினார். ஸ்வர்ணாவுக்கு எரிந்தது. அந்தப் பெண்ணின் கணக்கு மட்டுமல்ல, காட்டன் புடவை, நெற்றித் திருநீறு, அவள் கொண்டுவரும் கச்சாயப் பலகாரத்தை எல்லோரும் கேட்டு வாங்கித் தின்பது என எல்லாமே எரிந்தது. நான் ஒருநாள் அந்தப் பெண்ணைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் போக, "பிடு, அவ பேச்சை விடு" என்று கன்னடத்திலும் தமிழிலும் சேர்த்து அடக்கினாள்.

இந்த நிலையில்தான் தீவு நாடு ஒன்றிலிருந்து நான்கு பேர் எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். பயிற்சி முடிந்ததும் இங்கிருந்து ஒருவர் அங்கே போய், சில மாதம் தங்கி, அவர்களுடைய முதல் கணக்கைப் போட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் ஹோட்டலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவள், இப்போது வெளிநாட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். ஸ்வர்ணாவுக்கு அது வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். ஆனால் ஆபீஸ் முழுக்கத் தர்ஷினியின் பெயர்தான் அடிபட்டது. கடைசி நாள் கூட்டத்துக்குப் பிறகு முடிவு சொல்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை அதில் கை வைக்காத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். முறை மாறினால் பழைய வருஷங்களையும் புது முறையில் திரும்பப் போட வேண்டும் என்பது இன்னொன்று. தர்ஷினி அப்படித் திரும்பப் போட்டது சரிபார்க்க ஸ்வர்ணாவிடம் வந்தது. பேன் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒரு பழைய வருஷத்தில் பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க், வாய்க்கால் மூன்றையும் கூட்டினால் நூற்றாறு வந்தது. நூறு வீடுதான் இருக்கிறது, நூற்றாறு வீட்டுக் கழிவு ஓடுகிறது. அன்று நூலகத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தப்பு கண்டால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் தேட வேண்டும், அப்புறம் போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அதுதான் முறை. அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. கடைசி நாள் கூட்டத்தில், தீவுக்காரர்கள் முன்னால், திரையில் அந்த வரியைக் காட்டிக் கூட்டச் சொன்னாள். அவர்களே கூட்டினார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். டைரக்டர் தர்ஷினியைப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து நின்று, பார்க்காமல் விட்டது தன் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கலையும்போது டைரக்டர் ஸ்வர்ணாவிடம், பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றைக்கு மோர் சாதம் அமிர்தமாக இறங்கிக்கொண்டிருந்தபோது தர்ஷினி எங்கள் மேஜைக்கு வந்தாள். பழைய எண்ணைத் திருத்தினால் காரணத்தை அறிக்கையில் எழுத வேண்டும், அதைக் கேட்க வந்திருக்கிறாள்.

"அந்த வருசத்துக்கு சர்வே இல்லாததால நீங்க மொதல்ல போட்ட எண்ணையே வெச்சிருந்தனுங்க மேடம். செப்டிக் டேங்க்கை ஆறு ஏத்திட்டு வாய்க்கால்ல குறைக்காம விட்டிருக்கீங்க. டைப்பிங் மிஸ்டேக்னு போட்டுக்கட்டுங்களா?"

ஸ்வர்ணாவின் கை சாதத்திலேயே நின்றது. மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"மத்த எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தனுங்க. உங்க எண்ணுங்கிறதால இதை மட்டும் பார்க்கலை. அத்தனை பேர் முன்னாடி உங்க பேரை எப்படிங்க சொல்றது?"

அவள் போனதும் ஸ்வர்ணா டப்பாவை மூடினாள். கையைக் கழுவாமலே என்னை இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். டைரக்டரிடம் கன்னடத்தில் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். எண் தன்னுடையது, தப்பு தன்னுடையது, முறைப்படி விசாரிக்காமல் சபையில் வைத்த தப்பும் தன்னுடையது. காரணத்தை டைப்பிங் மிஸ்டேக் என்று எழுதக் கூடாது, கணித்தவர் பிழை என்று தன் பெயரோடு எழுத வேண்டும். தீவுக்கு அந்தப் பெண்தான் போக வேண்டும். ஸ்ரீஹர்ஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஸ்வர்ணாவைப் போல ஒருத்தி இந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது பாக்கியம் என்றார்.

படியிறங்கும்போது, உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லித் தொலைத்தேன்.

"மனசாவது மண்ணாவது," என்றாள் ஸ்வர்ணா. கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் கோபத்தில். "கணக்குல ஜெயிச்சா, சரி. எல்லாருக்கும் அவளப் பிடிக்குது, அதுவும் சரி. நல்லவளா இருக்கறதுலயும் அவதான் ஜெயிக்கணுமா?"

இப்போது தர்ஷினி தீவிலிருந்து அனுப்பும் கணக்குகளை ஸ்வர்ணாதான் சரிபார்க்கிறாள். ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டுகிறாள். இதுவரை எல்லாம் நூறாகவே வந்துகொண்டிருக்கிறது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.